சேணத்தில் ஏறியதும் சொல் கேட்காத நாய்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில்) காலை ஐந்தரை மணிக்குக் குதிரையில் கிளம்பினால், கிளுவை வேலிகளுக்கு நடுவே இட்டேரி என்னும் மண்பாதை வழியாகவே பத்துக் கிலோமீட்டர் போய்வரலாம். தார்ச்சாலையைத் தொடவேண்டிய இடம் இரண்டே இரண்டு. என்னிடம் இருப்பது ஒரு கத்தியவாரி செவலைப் பெண் குதிரை. கூட ஓடுவது கறுப்பி, சாதாரண ஊர் நாய். அதற்கு முன் கன்னி என்ற வேட்டை இன நாய் ஒன்றை வைத்துத் தோற்றிருக்கிறேன். அந்தக் கதை கீழே வரும்.

உங்கள் நாய் செய்யும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். இவற்றில் எதையும் சேணத்தில் உட்கார்ந்தபடி சரிசெய்ய முடியாது. கோளாறு கண்ணில் படுவது பாதையில். அதற்குக் காரணமோ, ஏறுவதற்கு முன்பே தரையில் கற்றுக்கொடுக்காமல் விட்ட ஏதோ ஒரு பாடம். ஆகவே பெரும்பாலும் முதல் வேலை, குதிரையை நிறுத்தி இறங்குவது. ஏறி இறங்கச் சோம்பல்படுகிறவர் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். நாய்க்கும் அதில் நட்டம் இல்லை.

நாய் குதிரையின் பின்னங்கால்களுக்குள் புகுகிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். ஓர் உதையில் தாடை உடையும், விலா நொறுங்கும், கண் போகும். இரண்டு வகையாக இது நடக்கும். எந்த வகை என்று பார்த்த பிறகே திருத்தத் தொடங்க வேண்டும்.

தலையைத் தாழ்த்திக்கொண்டு, பார்வையைக் குளம்பிலேயே வைத்து, பாய்ந்து ஒரு கடி கடித்துவிட்டு விலகினால் அது மந்தை ஓட்டும் இரத்தம். பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், கேட்டில் டாக் போன்றவை மந்தை ஓட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை; கேட்டில் டாக் குதிகாலைக் கடித்தே மாட்டை நகர்த்தும். சில ஜெர்மன் ஷெப்பர்டுகளும் இதைச் செய்யும். மற்ற வகை வெறும் அசட்டை. எதையோ முகர்ந்துகொண்டே வந்து, குதிரை அங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் பின்னங்காலை ஒட்டிக் குறுக்கே போகும்.

அந்த நிமிடத்தில் கத்தாதீர்கள். கத்தினால் முதலில் திடுக்கிடுவது குதிரைதான். குதிரையின் முகம் நாயைப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்புங்கள். முகம் நாய்ப் பக்கம் வந்துவிட்டால் பின்னங்கால் தானாக விலகிவிடும். பிறகு இறங்குங்கள்.

உதைக்கப் போகும் குதிரை சொல்லிவிட்டுத்தான் உதைக்கும். என் செவலையிடம் வரிசை இப்படி இருக்கும்: நாய் இருக்கும் பக்கத்துக் காது பின்னால் சாயும், வால் ஒருமுறை வெட்டும், பின்னங்கால் ஒன்றின் எடை எழும்பி, குளம்பின் நுனி மட்டும் மண்ணைத் தொட்டு நிற்கும். களைத்து நிற்கும் குதிரையும் குளம்பு நுனியை ஊன்றி ஓய்வெடுக்கும். ஆனால் அப்போது காதுகள் இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் தொங்கும், வால் அசையாது. மூன்று குறியும் சேர்ந்து வந்தால் உங்கள் கையில் ஒரு விநாடிதான் இருக்கிறது.

தரையில் செய்ய வேண்டியது: ‘ஓரம்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுப்பது. அந்தச் சொல்லுக்கு நாய் இருக்க வேண்டிய இடம் அங்கவடிக்கு (சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்கு) நேரே, இரண்டு மீட்டர் தள்ளி. குதிரையை இன்னொருவர் பிடித்து நடத்தட்டும். குதிரைக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் நடங்கள். கையில் ஆறடி மூங்கில் குச்சி இருக்கட்டும். அது அடிப்பதற்கு இல்லை, நாய்க்கு முன்னால் வேலிபோல் நீட்டிப் பிடிப்பதற்கு. நாய் பின்தங்கிக் குதிரையின் வால் பக்கம் சாயும்போது குச்சி குறுக்கே வரும், சரியான இடத்துக்கு வந்ததும் ஈரல் துண்டு கிடைக்கும். நாளுக்குப் பத்து நிமிடம், இரண்டு வாரம். அதன் பிறகு நீங்கள் ஏறிக்கொண்டு, நாயை உதவியாளர் பிடித்து நடத்தலாம்.

கடிக்கிற வகைக்கு ஒரு கூடுதல் விதி: அதற்கு ஒருமுறைகூட வெற்றி கிடைக்கக் கூடாது. கடித்ததும் குதிரை துள்ளினால் அதுவே அந்த நாய்க்குப் பரிசு. சொல் படியும்வரை நாயின் வாரைக் கழற்றவே வேண்டாம். ‘ஒரு உதை வாங்கினால் தானே திருந்தும்’ என்று சொல்லும் அனுபவசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உதை வாங்கிய நாய் திருந்தும், இல்லையென்றால் குதிரையைக் கண்டாலே குரைத்துப் பாய்கிற நாயாகும், அதுவும் இல்லையென்றால் செத்துப்போகும். மூன்றில் எது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

குதிரை நாயைக் கண்டு மிரள்கிறது

இங்கே பாடம் குதிரைக்கு. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னால் சில அடிவரையும் குருட்டு இடம். நாய் அந்தப் பின்பக்க இருளுக்குள் போய் மறுபக்கம் வெளிவரும் ஒவ்வொரு முறையும், குதிரைக்கு அது புதிதாக ஒரு மிருகம் முளைத்து வந்தமாதிரிதான். ஒரே நாயைக் கண்டு பத்துமுறை மிரள்கிறதே என்று குதிரையைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

லாயத்துக்கு எதிரே பதினைந்து மீட்டர் தள்ளி நாயைக் கட்டி, அந்த நேரத்தில் குதிரைக்குத் தீனி வையுங்கள். மேய்ச்சல் நிற்காமல், தலை நிமிராமல் சாப்பிட்டால் மறுநாள் இரண்டு மீட்டர் கிட்டே கட்டலாம். தலையைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டு மூச்சைச் சீறினால் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

இதைவிட வேகமாக வேலை செய்யும் உத்தி ஒன்று உண்டு. நாயை ஒருவர் வாரில் பிடித்துக்கொண்டு குதிரையை விட்டு விலகி நடக்கட்டும். பின்னாலேயே நீங்கள் குதிரையை நடத்திச் செல்லுங்கள். தன்னை நோக்கி வருவதைக் கண்டால் ஓடும் குதிரை, தன்னை விட்டு விலகிப் போவதைக் கண்டால் பின்தொடர்ந்து போய் முகர்ந்து பார்க்கும். மூன்றாம் நாள் செவலை கறுப்பியின் முதுகை மூக்கால் தள்ளிப் பார்த்தது. அதற்குப் பிறகு மிரட்சி பாதியாகிவிட்டது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியையாவது ‘இது நாய் இருக்கும் பட்டியில் வளர்ந்ததா’ என்று கேட்கச் செலவிடலாம். சுழியைவிட இந்தப் பதில் உதவும்.

தரையில் கேட்கும் சொல்லைச் சேணத்தில் இருந்து சொன்னால் கேட்பதில்லை

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. கேட்கும்போது முகத்தில் ஒரு துரோகக் களை வேறு இருக்கும். துரோகம் ஒன்றும் இல்லை. நாய் அறிந்த நீங்கள் ஐந்தரை அடி உயரம், இரண்டு கால், தெளிவான கைச் சைகை. சேணத்தில் ஏறியதும் குரல் எட்டடி உயரத்தில் இருந்து வருகிறது, கை குதிரையின் கழுத்துக்கு அந்தப்புறம் மறைந்துவிடுகிறது, அடியில் நான்கு லாடங்களின் ஓசை. அந்தச் சொல் உங்கள் சொல்லாகவே அதன் காதில் விழுவதில்லை.

ஆனால் முதலில் காதையே சோதியுங்கள். வெள்ளை நிறம் மிகுந்த இனங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. ராஜபாளையம் நாய்களில் இது அறிந்த குறை. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன் இன நாய்களில் ஏறக்குறைய முப்பது சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்காது. இரண்டும் கேட்காத நாயை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்கிற நாய்தான் நம்மை ஏமாற்றும். கூப்பிட்டதும் தலை தூக்கும், ஆனால் தவறான திசையில் தேடும். நாய் தூங்கும்போது அதன் பின்னால் நின்று, காற்றும் நிழலும் மேலே படாமல், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் புரண்டு படுத்திருக்கும்போது தனித்தனியே செய்ய வேண்டும். ஒற்றைக் காது நாய் வீட்டுக்கு நல்ல துணை. குதிரையோடு திறந்த வெளியில் விட நான் துணியமாட்டேன்.

காது சரி என்றால் உயரத்தைப் படிப்படியாகப் பழக்குங்கள். முதலில் கயிற்றுக் கட்டில்மேல் நின்று கூப்பிடுங்கள். அடுத்து மதில்மேல். பிறகு மாட்டு வண்டியிலோ டிராக்டர் பெட்டியிலோ ஏறி. ஒவ்வோர் உயரத்திலும் பத்துக்கு ஒன்பது முறை வந்த பிறகே அடுத்த உயரம். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதன் பிறகு நிற்கும் குதிரைமேல், அடுத்து வேலிக்குள் நடக்கும் குதிரைமேல், கடைசியில்தான் இட்டேரி. இட்டேரியில் முதல் சில நாட்கள் பத்து மீட்டர் கயிறு நாயின் கழுத்தில் இருக்கட்டும். மறுமுனை தரையில் நடக்கும் உதவியாளர் கையில். அந்தக் கயிற்றைச் சேணத்தில் கட்டவோ கையில் சுற்றிக்கொள்ளவோ கூடாது. குதிரையின் வாலுக்கு அடியிலோ பின்னங்காலிலோ அது ஒருமுறை சுற்றினால் மூவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

கூப்பிடுவதற்கு விசில் நல்லது. காற்றில் கரையாது, கோபமும் அதில் தெரியாது. மற்றவற்றுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். கறுப்பிக்கு ‘நில்’ என்று பழக்கினேன். செவலையும் அதே ‘நில்’லைத்தான் கற்றிருந்தது. ஒருநாள் கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில் தார்ச்சாலை ஓரம் வந்ததும் நாயைப் பார்த்து ‘நில்’ என்று கத்தினேன். நாய் இரண்டடி ஓடித்தான் நின்றது. குதிரை அந்த இடத்திலேயே நான்கு காலையும் ஊன்றியது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். இப்போது நாய்க்குச் சொல் ‘தங்கு’.

பரிசு கொடுப்பதிலும் கவனம் வேண்டும். சேணத்தில் இருந்து ஈரல் துண்டை நேராகக் கீழே போட்டால் அது குளம்பருகே விழும், நாயும் அங்கேதான் தலையை விடும். ஒரு மாதம் கற்றுக்கொடுத்த ‘ஓரம்’ பாடத்தை ஒரு துண்டு ஈரல் அழித்துவிடும். பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி எறியுங்கள். அப்படிக் கை வீசுவதற்கும் குதிரையை முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் வரவில்லையா? எப்போதெல்லாம் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். வாரில் மாட்டவும் வீட்டுக்குத் திருப்பவும் மட்டுமே கூப்பிட்டால் எந்த நாய்தான் வரும்? பத்துமுறை கூப்பிட்டால் ஒன்பதுமுறை தட்டிக்கொடுத்து, திரும்ப ஓடவிடுங்கள்.

இன்னும் நாய் வாங்காதவர்களுக்கு

மேலே உள்ள கோளாறுகளில் பாதி, குட்டி வாங்கும் நாளிலேயே வாங்கி வருபவை. குதிரையோடு ஓட வேண்டிய நாய்க்கு நீண்ட கால், நீண்ட மூக்கு, குட்டை மயிர், பதினைந்து முதல் இருபத்தைந்து கிலோ எடை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை நம் வெயிலில் ஓடவிடுவது கொடுமை. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

வண்டிக் குதிரைகளோடு ஓடியே பெயர் வாங்கிய இனம் டால்மேஷன். இங்கிலாந்தில் பிரபுக்களின் கோச்சு வண்டிகளுக்குப் பக்கத்திலும், பிறகு குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டிகளுக்கு முன்னாலும் ஓடியது. அமெரிக்க டால்மேஷன் சங்கம் இன்றும் குதிரையோடு ஓடும் சோதனை நடத்துகிறது. சிறிய பட்டத்துக்கு 12.5 மைல், பெரியதற்கு 25 மைல், அதாவது நாற்பது கிலோமீட்டர். இரத்தத்தில் குதிரைப் பழக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் காதுக் குறையும் அதே இரத்தத்தில்தான் இருக்கிறது. காது கேட்கிறதா என்று பார்த்த சோதனைச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

நம் இனங்களைப் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்தில் இணையற்றவை, வெயிலையும் தாங்கும். ஆனால் அவற்றின் கண் முயலுக்காகவே படைக்கப்பட்டது. ராஜபாளையமும் கோம்பையும் காவல் நாய்கள். எதிரே வரும் ஆடு மேய்ப்பவரையும் பால்காரரையும் எதிரியாகப் பார்க்கும். ஊர் நாய்க்கு இந்தத் தனித்திறமைகள் எதுவும் கிடையாது. இந்த வேலைக்கு அதுவே தகுதி. எங்கள் மண்ணின் முள்ளும் வெயிலும் அதற்குப் புதிதல்ல.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரையை இருபது மீட்டர் தள்ளி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பாய்ந்து ஓடும் குட்டி வேண்டாம். ஒளிந்து, பிறகு வெளியே வராத குட்டியும் வேண்டாம். பின்வாங்கி உட்கார்ந்து, குதிரையைப் பார்த்து, பிறகு திரும்பி மனிதரின் முகத்தைப் பார்க்கும் ஒன்று இருக்கும். அதைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

தூக்கிக்கொண்டு வந்ததும் ஓட்டக் கூடாது. எலும்பின் வளர்முனைகள் மூடுவதற்கு நடுத்தர நாய்க்கு ஏறக்குறைய ஒரு வயதும் பெரிய நாய்க்கு ஒன்றரை வயதும் ஆகும். அதுவரை நடை மட்டும். மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குட்டையிலும் வாய்க்காலிலும் வாய் வைக்கும் நாய் என்பதால் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசியையும் விடக் கூடாது.

மயில், முயல், ஆட்டைக் கண்டால் பறந்துவிடுகிறது

கன்னியின் கதை இதுதான். எட்டு மாதம் தரையில் பழக்கினேன். சொன்ன சொல் தட்டாது. இட்டேரியில் மூன்றாம் நாள் வேலியடியில் இருந்து முயல் கிளம்பியது. நான் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் நாய் கொறங்காட்டின் மறுகோடியில் இருந்தது. குதிரையும் பின்னாலேயே பாய முயன்றது. நாயைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அது மீண்டும் மீண்டும் நடந்தது. கடைசியில் குதிரை இல்லாத ஒரு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே நன்றாக இருக்கிறது.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் விளக்கத்துக்குள் விலங்கைத் துரத்துவதும் அடங்கும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் நாயைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். கால்நடைக்கும் நாய்க்கும் உள்ள நோய்கள் காட்டு விலங்கைக் கொல்லும்; 2018-இல் கிர் காட்டுச் சிங்கங்கள் மடிந்ததில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸுக்குப் பங்கு இருந்தது.

திருத்தம் ஓட்டம் தொடங்கிய பிறகு இல்லை, தொடங்குவதற்கு முந்தைய இரண்டு விநாடியில் இருக்கிறது. காது முன்னால் கூர்ந்து, வாய் மூடி, வால் விறைத்து, முன்னங்கால் ஒன்று மடங்கும். மூச்சிரைத்துத் திறந்திருந்த வாய் சட்டென மூடுவதைக் கவனித்துப் பழகுங்கள், குதிரைமேல் இருந்து எளிதில் தெரியும் குறி அதுதான். அந்தக் கணத்தில் ‘விடு’ என்று சொல்லி, உடனே விசில். முதலில் கயிற்றில், கோழிகளை வேலிக்கு அந்தப்புறம் வைத்து இதைப் பழக்க வேண்டும். ஆட்டுக்கு மேய்ப்பவரிடம் கேட்டுக்கொண்டு, மந்தையின் ஓரமாக வாரில் நடத்துங்கள். ஒரு குட்டியைக் கடித்துவிட்டால் பணம் கொடுத்து முடித்துவிடலாம், அந்த ஊர் இட்டேரியில் மறுபடி முகம் காட்டுவது கடினம்.

உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் ஃபாக்ஸ்ஹவுண்ட் கூட்டத்தோடு குதிரையில் நரி துரத்திய காலத்தில்கூட, நாய்களை ஒழுங்கில் வைப்பதற்கென்றே சாட்டையோடு தனி ஆட்கள் குதிரையில் வந்தார்கள். தனியாளாக வேட்டை நாயை வைத்துக்கொண்டு கிளம்பும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பாதி வழியில் பின்தங்குகிறது, படுத்துவிடுகிறது

நின்று இறங்கி, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் வாய். ஈறு செங்கல் நிறத்தில் சிவந்து, எச்சில் நூலாக இழுத்து, கால் தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வேறு எதையும் யோசிக்காமல் கைவசம் உள்ள தண்ணீர் முழுவதையும் வயிறு, தொடையிடுக்கு, அக்குள், கழுத்து என்று ஊற்றி, தொப்பியால் விசிறுங்கள். பக்கத்தில் மோட்டார் ஓடினால் அந்தக் குழாயின் அடியில் நிறுத்துங்கள், மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும். ஈரத் துண்டைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். குளிரவைத்த பிறகே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும். உள்ளுறுப்புச் சேதம் மறுநாள்தான் தெரியும்.

ஈறு வெளுத்திருந்தால் கதை வேறு. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எர்லிக்கியா, பேபீசியா இரண்டும் நம் பக்கம் சாதாரணம். பேபீசியாவில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் ஓட்டக் கூடாது.

வாய் சரியாக இருந்தால் பாதம். சீமைக்கருவேல முள் தைத்தால் உடனே காலைத் தூக்கும். நெருஞ்சி அப்படி இல்லை. விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு நாலடிக்கு ஒருமுறை உதறவைக்கும். மோசமானது புல் விதை. ஈட்டி முனையும் பின்னோக்கிய மயிரும் உள்ள விதை விரலிடுக்குத் தோலுக்குள் நுழைந்தால் முன்னால் மட்டுமே நகரும். வாரம் கழித்துக் காலில் சீழ்க்கட்டியாக வரும். காதுக்குள் போனால் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு உதறும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒவ்வொரு விரல் இடுக்கையும் கட்டைவிரலால் பிரித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நான் திண்ணையில் உட்கார்ந்து, காப்பி ஆறும் நேரத்தில் இதைச் செய்துவிடுவேன்.

தார்ச்சாலை சூட்டில் பாதத்தோல் உரிந்திருக்கலாம். புறங்கையை ஏழு விநாடி சாலையில் வைக்க முடியவில்லை என்றால் நாய் அதில் நடக்கக் கூடாது. மூக்கோ காலோ திடீரென வீங்கி நாய் சோர்ந்தால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்போடுவது, கீறுவது வேண்டாம். தூக்கிக்கொண்டு நச்சுமுறி மருந்து உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லை, வெறும் களைப்பு என்றால் பிழை உங்கள் கணக்கில். குதிரை நடக்கும்போது மணிக்கு ஆறேழு கிலோமீட்டர், டிராட் என்னும் துள்ளுநடையில் பன்னிரண்டு முதல் பதினைந்து. கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளின் ரவால் நடை ஏறியிருப்பவருக்குத் தொட்டில்போல் இருக்கும், பக்கத்தில் நாய் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருக்கும். சுகமாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டிவிடுவோம். முதல் மாதம் மூன்று கிலோமீட்டர், அதிலும் பெரும்பகுதி நடை. பத்துக்கு வர மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு தள்ளாடுகிறது, குமட்டுகிறது

குதிரைக்கு அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்தீர்களா? ஐவர்மெக்டின் பசையைக் குதிரைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 மில்லிகிராம் கொடுக்கிறோம். நானூறு கிலோக் குதிரைக்கு 80 மில்லிகிராம். கோலி இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் காணப்படும் ஒரு மரபணுக் குறை உள்ள நாய்க்கு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராமே நரம்பைத் தாக்கப் போதும். இருபது கிலோ நாய்க்கு இரண்டு மில்லிகிராம். குதிரை துப்பிய ஒரு துளியில் அது இருக்கும். மருந்து கொடுத்த பின் சில நாள் சாணத்திலும் இருக்கும், நாய்க்கோ குதிரைச் சாணம் தின்பண்டம். கண்மணி விரிந்து, தள்ளாடி, எச்சில் ஒழுகினால் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். புழு மருந்து கொடுக்கும் வாரத்தில் கறுப்பிக்கு லாயத்துக்குள் அனுமதி இல்லை.

குமட்டுகிறது, ஆனால் எதுவும் வெளிவரவில்லை, வயிறு மத்தளம்போல் உப்புகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆழ்ந்த மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு வரும். விடியும்வரை காத்திருந்தால் நாய் இருக்காது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று மணி நேரமும் திரும்பிய பின் ஒரு மணி நேரமும் வயிறு நிறையச் சோறு போடாமல் இருப்பது நல்லது.

ஊர் நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன

குதிரையைத் தட்டி ஓடவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஓடினால் அவை துரத்தும், உங்கள் நாய் பின்தங்கிச் சிக்கிக்கொள்ளும். நிறுத்தி, குதிரையின் முகத்தை அந்த நாய்களின் பக்கம் திருப்பி, நிதானமாக ஓரடி ஈரடி அவற்றை நோக்கி நடத்துங்கள். நானூறு கிலோ எதிரே வரும்போது பெரும்பாலான நாய்கள் தெருவோரத்துக்குப் போய் அங்கிருந்து வீரம் பேசும். உங்கள் நாய் ‘ஓரம்’ சொல்லில் மறுபக்கம் இருக்க வேண்டும். அந்தப் பாடம் முடிவதற்கு முன் ஊருக்குள் வர வேண்டாம், சுற்றுவழியில் போகலாம். சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும். உங்கள் நாய்க்குப் பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஏறும்போது குரைத்துத் துள்ளுகிறது

ஆவல்தான், கெட்ட குணம் இல்லை. குரைப்பது நிற்கும்வரை ஏறாதீர்கள். அங்கவடியில் கால் வையுங்கள்; குரைத்தால் எடுத்துவிடுங்கள். அமைதியானால் மறுபடி வையுங்கள். முதல் நாள் எனக்கு இருபத்திரண்டு முறை ஆயிற்று. நான்காம் நாள் இரண்டு.

சேணத்தை எடுத்தால் ஒளிந்துகொள்கிறது

வழக்கமாக வாசலில் காத்திருக்கும் நாய் ஒருநாள் வரவில்லை என்றால் அன்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏழெட்டு வயதானால் மூட்டு வலியாக இருக்கும். படுத்து எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா பாருங்கள். அப்படியானால் இனி மூன்று கிலோமீட்டர் நடைப் பயணம் மட்டும். இளம் நாய் என்றால் முதுகை, இடுப்பை, ஒவ்வொரு விரலையும் அழுத்திப் பாருங்கள்.

போன மாசியில் கறுப்பி இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பாதத்தைப் பார்த்தேன், முள் இல்லை. காதைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மகள்தான் கண்டுபிடித்தாள். முன்னங்காலின் உள்பக்கம், தரையில் படாமல் மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் கிளுவை வேலியில் மாட்டி அடியோடு பிளந்திருந்தது. மருத்துவர் நகத்தை வெட்டிக் கட்டுப்போட்டார். பன்னிரண்டாம் நாள் காலை, நான் சேணத்தை எடுப்பதற்கு முன்பே அது வாசலில் நின்றது.